நோயாளியிலிருந்து மருந்துக்கு

மருந்தியல் பாடப்புத்தகம் எதைத் திறந்தாலும் அத்தியாயங்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் போகும். முதலில் மருந்தின் பெயர். பிறகு அது உடலில் எங்கே போய் ஒட்டுகிறது, ரத்தத்தில் எவ்வளவு நேரம் தங்குகிறது, கல்லீரல் அதை என்ன செய்கிறது, பக்கவிளைவுகள் என்னென்ன. கடைசியில், எந்தெந்த நோய்களுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு பத்தி. இரண்டாம் ஆண்டு மாணவர் இதையெல்லாம் நெட்டுருப் போட்டு, தேர்வெழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார். சில ஆண்டுகள் கழித்து ஹவுஸ் சர்ஜனாக ஓ.பி.யில் உட்காரும்போது, முழங்கால் வலிக்கிறது என்று ஒரு மூதாட்டி எதிரே வந்து உட்காருகிறார். மருந்திலிருந்து நோய்க்குப் போகும் பாதையில் பழகியவர், இப்போது நோயாளியிலிருந்து மருந்துக்குப் போயாக வேண்டும். அந்தத் திசையில் அவரை யாரும் கைபிடித்து நடத்தியதில்லை.

செய்முறை வகுப்புகளும் இதற்குக் கைகொடுக்கவில்லை. பல தலைமுறை மாணவர்கள் மருந்தியல் ஆய்வகத்தில் கார்மினேட்டிவ் மிக்ஸ்சர் கலக்கினார்கள், களிம்பு குழைத்தார்கள், பொடியை நிறுத்துக் காகிதத்தில் மடித்தார்கள். தவளையின் இதயத்தில் அட்ரினலின் சொட்டு விட்டு, புகை படிந்த தாளில் அந்தத் துடிப்பு கீறும் கோட்டைப் பார்த்தார்கள். அந்தக் கோட்டில் அறிவியலின் அழகு உண்டு என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் அதிலிருந்து மருந்துச் சீட்டுக்கு வழி கிடையாது. இந்தியாவின் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் 2019இல் திறன் சார்ந்ததாக மாற்றப்பட்டபோது, சீட்டு எழுதுவது, பிறர் எழுதிய சீட்டைத் தணிக்கை செய்வது, ஒரு நோய்க்கு மருந்தைக் காரணம் சொல்லித் தேர்ந்தெடுப்பது ஆகியவை மாணவர் செய்துகாட்ட வேண்டிய திறன்களாக வரையறுக்கப்பட்டன. தாமதமாக வந்தாலும் நல்ல மாற்றம்.

இந்த வித்தை காலங்காலமாகக் கைமாறிவருவது வார்டில்தான். யூனிட் தலைவருக்குப் பிடித்த ஆன்டிபயாடிக்கே அந்த யூனிட்டின் ஆன்டிபயாடிக். பி.ஜி. எழுதுவதைப் பார்த்து ஹவுஸ் சர்ஜன் எழுதுவார். காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் கேஸ் ஷீட்டில் 'சி.எஸ்.டி.' என்று மூன்றெழுத்து விழும். நேற்றைய சிகிச்சையே தொடரட்டும் என்று பொருள். அந்த மூன்றெழுத்தின் நிழலில் 5 நாளில் நிற்க வேண்டிய ஊசி 9ஆம் நாளும் ஓடிக்கொண்டிருக்கும். பெரியவர்களைப் பார்த்துக் கற்பதில் தவறில்லை, மருத்துவம் முழுவதுமே அப்படித்தான் கற்கப்படுகிறது. ஆனால் மருந்தின் பெயரோடு காரணமும் கைமாறாவிட்டால், வழக்கத்துக்கு மாறான ஒரு நோயாளி வரும் நாளில் கற்றது பயன்படாது.

நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் டி விரீஸ் என்ற மருத்துவ ஆசிரியரும் அவருடைய சகாக்களும் இந்த இடத்தில்தான் கை வைத்தார்கள். வார்டின் பழக்கம் மாணவரைப் பற்றிக்கொள்வதற்கு முன்பே அவரைத் தேர்ந்தெடுக்கப் பழக்க வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். அடிக்கடி வரும் ஒவ்வொரு நோய்க்கும், தான் முதலில் நினைக்கப்போகும் மருந்தை மாணவரே தீர்மானித்து வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு பி-டிரக் என்று பெயர். பேராசிரியர் எழுதுவதாலோ மெடிக்கல் ரெப் சொன்னதாலோ ஒரு மருந்து அந்தப் பட்டியலில் ஏற முடியாது. வேலை செய்கிறதா, ஆபத்து எவ்வளவு, இப்படிப்பட்ட நோயாளிக்குப் பொருந்துமா, விலை என்ன என்ற நான்கையும் எடைபோட்ட பிறகே ஏறும். விலையை மற்ற மூன்றோடு சமமாக உட்கார வைத்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். வாங்க முடியாத மருந்து வேலை செய்யாத மருந்துதான்.

இந்த முறையை உலக சுகாதார நிறுவனம் 1994இல் ஒரு சிறு கையேடாக வெளியிட்டது. அது பயனளிக்கிறதா என்பதையும் சோதித்தார்கள். குரோனிங்கன், டெல்லி, காத்மாண்டு, யோக்யகர்த்தா, லாகோஸ், ஆஸ்திரேலியாவின் நியூகாசில், சான் பிரான்சிஸ்கோ ஆகிய 7 இடங்களின் மருத்துவக் கல்லூரிகளில் 219 மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் குறுகிய பயிற்சி கொடுத்தார்கள். முடிவுகள் 1995இல் லான்செட் இதழில் வந்தன. பயிற்சி பெற்றவர்கள் வகுப்பில் பார்த்த நோயாளிகளின் சிக்கல்களைச் சிறப்பாகக் கையாண்டதில் வியப்பில்லை. வகுப்பில் பார்க்காத புதிய சிக்கல்களிலும் அவர்களே முந்தினார்கள். 6 மாதம் கழித்தும் அந்த முன்னிலை நீடித்தது. யோசிக்கும் முறை மனத்தில் பதிந்திருந்ததால்தான் அது புதிய நோயாளிக்கும் உதவியது.

அந்த முறையில் ஆறு படிகள். தாளில் படித்தால் எல்லாம் தெரிந்த விஷயம் போலத்தான் இருக்கும். ஒரு நோயாளியை உட்கார வைத்துப் பார்த்தால்தான் அவற்றின் கூர்மை தெரியும். வகுப்புக்கென்று உருவாக்கிய ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். வயது 68. இரண்டு முழங்காலிலும் வலி. ரத்த அழுத்தத்துக்குத் தினமும் ஒரு மாத்திரை, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். கிரியேட்டினின் 1.3.

"இவங்களுக்கு என்னம்மா பிரச்சினை?" என்று ஆசிரியர் கேட்கிறார்.

"மூட்டுத் தேய்மானம், சார்."

"அது நோயோட பேரு. இவங்களுக்கு என்ன பிரச்சினை?"

மாணவி கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்க்கிறார். இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போகப் பயமாக இருக்கிறது, போன மாதம் ஒருமுறை விழப் பார்த்தார் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. முதல் படி இதுதான், பிரச்சினையை நோயாளியின் பக்கம் நின்று சொல்வது. அதைச் சரியாகச் சொல்லிவிட்டால் இரண்டாவது படியான இலக்கு தானாகத் தெளிவாகிறது: வலியைப் பூஜ்யமாக்குவது இல்லை, விழாமல் நடக்க வைப்பது. மயக்கம் தரும் வலி மாத்திரைகள் அந்த நொடியிலேயே பட்டியலிலிருந்து விழுந்துவிடுகின்றன.

மூன்றாவது படியில்தான் உண்மையான வேலை. மூட்டுவலிக்கு மாணவியின் பட்டியலில் டைக்ளோஃபெனாக் மாத்திரை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொதுவான நோயாளிக்கு அது சரி. இந்தப் பாட்டிக்குச் சரியா? ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரைதானே என்று நினைத்த மாணவியிடம், அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் படிக்கச் சொல்கிறார் ஆசிரியர். டெல்மிசார்ட்டான் 40 மில்லிகிராம், ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 மில்லிகிராம். ஒரு மாத்திரைக்குள் இரண்டு மருந்து.

சிறுநீரகத்தின் வடிகட்டிகள் ஒவ்வொன்றுக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு நுண்குழாய், வெளியே போக ஒரு நுண்குழாய். வடிகட்டுவதற்கு உள்ளே அழுத்தம் வேண்டும். ரத்த ஓட்டம் குறையும்போது சிறுநீரகம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இரண்டு காரியம் செய்கிறது: புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளால் உள்குழாயை விரிக்கிறது, ஆஞ்சியோடென்சினால் வெளிக்குழாயைச் சுருக்குகிறது. டெல்மிசார்ட்டான் ஆஞ்சியோடென்சினைத் தடுப்பதால் வெளிக்குழாய் தளர்ந்து நிற்கிறது. தயசைடு உப்பையும் நீரையும் வெளியேற்றி ரத்தத்தின் அளவையே குறைக்கிறது. இந்த நிலையில் சிறுநீரகத்துக்கு மிஞ்சியிருக்கும் ஒரே பிடி உள்குழாயை விரித்து வைப்பதுதான். டைக்ளோஃபெனாக் புரோஸ்டாகிளாண்டினைத் தடுத்து அந்தப் பிடியையும் பறித்துவிடுகிறது. பிரிட்டனில் ரத்த அழுத்த மருந்து எடுத்துவந்த 4,87,372 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளிவந்த ஆய்வில், இந்த மூன்று வகையும் சேரும்போது திடீர் சிறுநீரகப் பாதிப்பு கூடுவது தெரிந்தது. முதல் 30 நாட்களில்தான் அந்த ஆபத்து மிக அதிகம்.

கிரியேட்டினின் 1.3 என்பது ஆய்வகத் தாளில் பார்த்தால் லேசான ஏற்றம்தான். வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் இவருடைய வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு ஏறக்குறைய 45 மில்லிலிட்டர் என்று வரும். இளவயதில் அது 100ஐ ஒட்டியோ தாண்டியோ இருந்திருக்கும். இந்தக் கணக்கை மாணவியே தன் கையால் போட்டுப் பார்க்க வேண்டும். ஒருமுறை அப்படிப் போட்டவர், பிறகு எந்த முதியவரின் கிரியேட்டினினையும் வெறும் எண்ணாகக் கடந்து போகமாட்டார்.

ஆகவே வலி நிவாரணி ஜெல்லை மூட்டின்மேல் தடவலாம். தோல் வழியாக ரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு. தொடைத் தசைக்குப் பயிற்சி, கையில் ஒரு தடி, தேவைப்படும் நாளில் அளவோடு பாராசிட்டமால். சீட்டை எழுதுவது நான்காவது படி. ஐந்தாவது, நோயாளிக்குச் சொல்வது. இதை வகுப்பில் நடித்தே பழக வேண்டும்.

"அம்மா, இந்த ஜெல்ல ஒரு நாளைக்கு மூணு தடவ முட்டியில தடவுங்க. வலி தாங்கலன்னு மெடிக்கல் ஷாப்ல மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுக்காதீங்க, அது உங்க கிட்னிக்கு ஆகாது. இப்ப வேற ஏதாச்சும் சாப்பிடுறீங்களா? கஷாயம், லேகியம், பக்கத்து வீட்டுல குடுத்த மாத்திரை?"

அந்தக் கடைசிக் கேள்வியைத் திட்டும் தொனி இல்லாமல் கேட்கக் கற்பது எந்த மருந்தின் செயல்முறையைக் கற்பதையும்விடக் கடினம். திட்டு விழும் என்று தெரிந்தால் நோயாளி இல்லை என்றுதான் சொல்வார்.

ஆறாவது படி, கொடுத்த சிகிச்சை பலன் தருகிறதா என்று கவனித்து, தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுப்பது. அந்தப் படியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதலில் எழுதும் கையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

10 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். பாராசிட்டமால் ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கணக்கிட்டால் 150 மில்லிகிராம். கடையில் சொட்டு மருந்து ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் ஒன்று, 250 மில்லிகிராம் இன்னொன்று. இந்தக் குழந்தைக்குச் சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி, முதல் சிரப்பில் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி. சீட்டில் மருந்தின் பெயரைப் போட்டு '5 மில்லி, நாளுக்கு 4 வேளை' என்று மட்டும் எழுதிவிட்டால்? கடைக்காரர் சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்தால் ஒரு நாளில் 2,000 மில்லிகிராம் உள்ளே போகும். அந்த எடைக்கு அது கல்லீரலைச் சிதைக்கக்கூடிய அளவு. தாய் மேல் தவறில்லை, அவர் சீட்டில் உள்ளபடிதான் கொடுத்தார். அதனால் மில்லிகிராமையும் மில்லியையும் பாட்டிலின் செறிவையும் சேர்த்தே எழுத வேண்டும், குழந்தையின் எடையைச் சீட்டின் தலையிலேயே குறிக்க வேண்டும் என்று மாணவருக்கு முதல் நாளிலிருந்து பழக்க வேண்டும்.

புள்ளிகளும் இப்படித்தான். 5 என்பதை 5.0 என்று எழுதினால், புள்ளி மங்கும்போது 50 ஆகிவிடும். அரை மில்லிகிராமை .5 என்று எழுதினால் 5 ஆகிவிடும். புள்ளிக்கு முன் பூஜ்யம் கட்டாயம், முழு எண்ணுக்குப் பின் பூஜ்யம் கூடாது. இன்சுலினுக்கு யூனிட் என்பதை ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்தாகச் சுருக்கினால் அது இன்னொரு பூஜ்யமாகத் தெரியும்: 10 யூனிட் 100 ஆகிவிடும். மருந்தின் பொதுப் பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016இல் விதியைத் திருத்தியது. அந்த விதியை மாணவர் ஒப்பிக்கத் தேவையில்லை. மோசமான கையெழுத்தில் உள்ள பத்து சீட்டுகளைக் கொடுத்து, இவற்றை வைத்து மருந்து எடுத்துக் கொடுங்கள் என்று ஒரு மணி நேரம் அவரைக் கடைக்காரர் இடத்தில் நிறுத்தினால் போதும்.

மீத்தோட்ரெக்ஸேட்டை மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். முடக்குவாதத்துக்கு இந்த மாத்திரை வாரத்துக்கு ஒருமுறைதான். தினமும் போட்டால் வாய் புண்ணாகி, எலும்பு மஜ்ஜை செயலிழந்து, உயிரே போகலாம். பல நாடுகளில் இப்படி இறந்திருக்கிறார்கள். மற்ற எல்லா மாத்திரையும் தினசரியாக இருக்கும்போது, ஒன்று மட்டும் வாரந்தோறும் என்பது எழுதும் கைக்கும், எடுத்துக் கொடுக்கும் கைக்கும், விழுங்கும் கைக்கும் பழக்கமில்லாதது. 'வாரம் ஒருமுறை' என்பதோடு நில்லாமல் கிழமையின் பெயரையும் எழுத வேண்டும். ஞாயிறு என்றால் ஞாயிறு. நோயாளியைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இவ்வளவும் கற்றுக்கொடுத்துவிட்டால் பிழை நின்றுவிடுமா? பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சிலுக்காக டிம் டோர்னன் தலைமையில் நடந்து 2009இல் வெளிவந்த ஆய்வு இதைத்தான் அளந்தது. வடமேற்கு இங்கிலாந்தின் 19 மருத்துவமனைகளில் 1,24,260 மருந்து உத்தரவுகளைப் பார்த்ததில் 11,077 பிழைகள், அதாவது 8.9 சதவீதம். முதலாண்டு மருத்துவர்களின் பிழை விகிதம் 8.4. இரண்டாமாண்டில் அது குறையவில்லை, 10.3. மூத்த நிபுணர்களுக்கும் 5.9. உயிருக்கே ஆபத்தானவை 2 சதவீதத்துக்கும் குறைவு. மருந்தாளுநர்களும் செவிலியர்களும் பெரும்பாலானவற்றை நோயாளியைச் சென்றடையும் முன்பே பிடித்துவிட்டார்கள். காரணங்களைத் தேடியபோது அறியாமையோடு வேறு பலவும் கண்ணில் பட்டன. நெருக்கடி, களைப்பு, பழக்கமில்லாத நோயாளி, மூத்தவரைக் கேட்கத் தயக்கம் எல்லாம் சேர்ந்தே பிழையானது. அந்தத் தயக்கத்தைப் பற்றி நம் கல்லூரிகளும் வாய் திறந்து பேச வேண்டும். நள்ளிரவில் சந்தேகம் கேட்டு அழைக்கும் ஹவுஸ் சர்ஜனிடம் எரிந்து விழும் மூத்தவர், அடுத்த சந்தேகம் தன்னிடம் வராமல் பார்த்துக்கொள்கிறார்.

பிரிட்டன் அடுத்துச் செய்தது எனக்கு மிகப் பிடித்தது. மருத்துவப் படிப்பின் இறுதியாண்டில் பாதுகாப்பாக மருந்து எழுதுவதற்கென்றே தனித் தேர்வு: 2 மணி நேரம், 60 கேள்விகள், 200 மதிப்பெண். சீட்டு எழுதுவது, எழுதிய சீட்டில் பிழை கண்டுபிடிப்பது, அளவைக் கணக்கிடுவது, பக்கவிளைவை இனங்காண்பது எல்லாம் அதில் உண்டு. தேர்வறையில் நாட்டின் மருந்துக் கையேட்டைத் திறந்து பார்க்க அனுமதியும் உண்டு. நம் தேர்வு முறையில் வளர்ந்தவர்களுக்கு இது நெருடலாக இருக்கும். ஆனால் வார்டில் புத்தகத்தைப் பார்க்காமல் டோஸ் எழுதுபவரைக் காட்டிலும், பார்த்து எழுதுபவரிடம் நம் குழந்தையை நம்பி ஒப்படைக்கலாம். காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்துத் தர ஆணையம் வெளியிடும் தேசிய மருந்துக் கையேடு நம்மிடமும் இருக்கிறது. அது தேர்வறைக்குள் வர வேண்டும்.

குறைவான மருந்துகளை ஆழமாகத் தெரிந்துகொள்வது பாதுகாப்பின் பெரும் பகுதி. இலங்கையின் பேராதனையில் மருந்தியல் கற்பித்த பேராசிரியர் சேனக பிபிலே இதை ஒரு நாட்டின் அளவில் செய்துகாட்டினார். மருத்துவமனைகளுக்கான மருந்துப் பட்டியலைச் சுருக்கி ஒழுங்குபடுத்துவதில் முன்னின்றவர் அவர். 1971இல் தொடங்கிய அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரும் அவரே. வகுப்பறையில் மாணவரிடம் கேட்ட 'இந்த மருந்து ஏன்?' என்ற கேள்வியை இறக்குமதியாளர்களிடமும் கேட்டார் எனலாம். உலக சுகாதார நிறுவனத்தின் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியல் 1977இல்தான் வந்தது. அதே ஆண்டில் பிபிலே இறந்தார். தமிழ்நாட்டில் 1994இல் தொடங்கப்பட்ட மருத்துவப் பணிகள் கழகமும் வரையறுத்த பட்டியலின்படி பொதுப் பெயரில் மருந்து வாங்கித் தருகிறது. அரசு மருத்துவமனையில் பயிற்சி பெறும் மாணவருக்கு அந்தப் பட்டியலே நல்ல பாடநூல். ஒவ்வொரு மருந்தும் ஏன் உள்ளே இருக்கிறது, எது ஏன் இல்லை என்று கேட்டுப் பார்த்தாலே ஒரு பருவம் முழுக்க வகுப்பு நடத்தலாம்.

மருந்து எழுதாமல் இருப்பதற்கும் பயிற்சி வேண்டும். நீராகப் பேதியாகும் இரண்டு வயதுக் குழந்தை. ரத்தம் இல்லை, விழிப்பாக இருக்கிறது, தண்ணீர் கேட்கிறது. உப்பு-சர்க்கரைக் கரைசல், 14 நாட்களுக்குத் தினமும் 20 மில்லிகிராம் துத்தநாகம், தாய்ப்பாலும் வழக்கமான உணவும். ஆன்டிபயாடிக் வேண்டாம், பேதியை நிறுத்தும் மாத்திரை கூடவே கூடாது. "ஊசி போடலையா, டாக்டர்?" என்று தந்தை கேட்பார். இதற்குப் பதில் சொல்ல மாணவருக்கு வாக்கியங்கள் கைவசம் இருக்க வேண்டும். "வெளியேறுற தண்ணிய இந்தக் கரைசல் ஈடுகட்டும். பேதி நாலஞ்சு நாள்ல தானா நிக்கும். கண்ணு உள்ள போனாலோ, குடிக்க முடியலன்னாலோ, மலத்துல ரத்தம் வந்தாலோ ராத்திரின்னு பார்க்காம உடனே தூக்கிட்டு வாங்க." எப்போது திரும்பி வர வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி அனுப்பினால், வெறுங்கையோடு போகிறோம் என்ற எண்ணம் அந்தத் தந்தைக்கு வராது.

ஆறாவது படியில் வரும் நிறுத்துவது இன்னும் கடினம். கனடாவின் பவுலா ரோச்சனும் அமெரிக்காவின் ஜெரி கர்விட்ஸும் 1990களில் ஒரு சங்கிலியை விவரித்தார்கள்: ஒரு மருந்தின் பக்கவிளைவு புதிய நோயாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது, அதற்கு இன்னொரு மருந்து சேர்கிறது. நம் ஊரில் தினமும் கண்ணில் படும் உதாரணம் அம்லோடிபின். ரத்த அழுத்தத்துக்கு நல்ல மருந்துதான், ஆனால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். வீக்கத்தைப் பார்த்த இன்னொரு மருத்துவர் ஃபுரோசமைடு எழுதுவார். அந்த வீக்கம் உடலில் நீர் தேங்கியதால் வந்தது இல்லை, நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்ததால் வந்தது; ஆகவே அது வடியாது. பொட்டாசியம்தான் குறையும். கால் தசை இழுக்கும், அதற்கு ஒரு மாத்திரை. ராத்திரி நான்கு முறை எழுந்திருக்க வேண்டியிருக்கும், தூக்கம் கெடும், அதற்கும் ஒன்று. நான்கு மாத்திரை உள்ள இப்படி ஒரு சீட்டை மாணவரிடம் கொடுத்து, எதைச் சேர்ப்பீர்கள் என்று கேட்காமல், எந்த மாத்திரை எந்த மாத்திரையால் வந்தது என்று கோடு போடச் சொல்ல வேண்டும். கோடு எல்லாம் அம்லோடிபினில் போய் முடியும். அதன் அளவைக் குறைக்கலாம், அல்லது வேறு மருந்துக்கு மாற்றலாம். மற்ற மூன்றுக்கும் அவசியமே இருக்காது.

அதன் பிறகும் ஒரு வேலை பாக்கி. நிறுத்திய மருந்தின் பெயர், நிறுத்திய தேதி, காரணம் மூன்றையும் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுத வேண்டும். நோயாளி பையில் மடித்து வைத்திருக்கும் பழைய சீட்டையும் கேட்டு வாங்கி, அந்த வரிகளை அடித்துக் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாதம் ஊரிலுள்ள மெடிக்கல் ஷாப்பில் அந்தச் சீட்டை நீட்டி, நிறுத்திய மாத்திரைகளையே மறுபடியும் வாங்கிக்கொண்டு போவார்.